ஊர் திறக்கும் நிலம்: ஆண்டிஸ் மலையில் ஒரு குடும்பத்தின் உருளைக்கிழங்குச் சாகுபடி

பெரு நாட்டின் கூஸ்கோ மலைகளில் கெச்சுவா மொழி பேசும் ஒரு குடும்பத்திடம் உங்களுக்கு எவ்வளவு நிலம் என்று கேட்டால் ஒரே எண்ணாகப் பதில் வராது. கீழே பள்ளத்தாக்கில் மக்காச்சோளத்துக்கு ஒரு துண்டு இருக்கும். கொஞ்சம் ஏறினால் பார்லியும் அவரையும் போடும் சரிவில் ஒன்றிரண்டு. அதற்கும் மேலே உருளைக்கிழங்குக்கு என்றே பல துண்டுகள், ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில். அந்தப் பல துண்டுகளில் இந்த ஆண்டு கிழங்கு நிற்பது ஒன்றிலோ இரண்டிலோதான். மற்றவற்றில் புல் மண்டிக் கிடக்கும். ஊர் ஆடுகளும் ஒட்டக இனத்தைச் சேர்ந்த யாமாக்களும் அங்கே மேயும். நிலம் அந்தக் குடும்பத்தின் அனுபவத்தில் உள்ளதுதான். ஆனாலும் இந்த ஆண்டு அங்கே கிழங்கு ஊன்ற முடியாது. ஊர் விடாது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அந்த ‘ஊர் விடாது’ என்ற ஏற்பாட்டைத்தான். ஆண்டிஸ் உருளைக்கிழங்கைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ரகங்களின் எண்ணிக்கையிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். ஊதாச் சதை, கறுப்புத் தோல், பைன் காய் போல முண்டும் முடிச்சுமான வடிவம் என்று படம் எடுக்க அத்தனை அழகு. ரகம் காப்பது பெரிய வேலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த ரகங்களைப் புழுவும் பூச்சியும் தின்று தீர்க்காமல் இத்தனை தலைமுறை காத்தது எது என்று கேட்டால் பேச்சு விதையிலிருந்து நகர்ந்து ஊர்க்கூட்டத்துக்குப் போய்விடுகிறது. குடும்ப விவசாயம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி, குடும்பத்தின் கையில் இல்லாதது.

இடமும் காலமும்

உருளைக்கிழங்கு மனிதர் கைக்கு வந்தது இங்கேதான். தெற்குப் பெரு, தித்திகாக்கா ஏரிக்கு வடக்கே உள்ள பகுதியில், சுமார் 7,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன். இன்றைக்கும் இந்தக் குடும்பங்கள் பயிரிடும் உயரம் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டரில் தொடங்கி 4,200 மீட்டர் வரை போகிறது. அவ்வளவு உயரத்தில் பகல் வெயில் தோலை எரிக்கும், இரவில் தண்ணீர் உறையும். மழை அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை. நடுவில் எப்போது வேண்டுமானாலும் உறைபனி இறங்கலாம், ஆலங்கட்டி விழலாம். ஒரே இரவில் இலை கருகிச் சாய்ந்துவிடும்.

சாகுபடி இரண்டு பட்டமாக நடக்கிறது. சிறியது ஜூலை, ஆகஸ்டில், கீழ்ப்பகுதியில், வாய்க்கால் தண்ணீர் கிடைக்கும் துண்டுகளில். அது டிசம்பர், ஜனவரியில் கைக்கு வரும். பழைய கிழங்கு தீர்ந்துபோகும் மாதங்களில் அடுப்பு எரிய அதுதான் உதவி. பெரிய பட்டம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, மேலே, முழுக்க மழையை நம்பி. அறுவடை ஏப்ரல் முதல் ஜூன் வரை.

எப்போது ஊன்றுவது என்பதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. ஜூன் 24 புனித யோவான் திருநாளை ஒட்டிய நாட்களில், விடிவதற்கு முன் மேடான இடத்தில் ஏறிக் கார்த்திகை விண்மீன்களைப் பார்ப்பார்கள். அவை பளிச்சென்று பெரிதாகத் தெரிந்தால் மழை நேரத்துக்கு வரும். மங்கித் தெரிந்தால் மழை தள்ளிப்போகும், எனவே ஊன்றுவதையும் சில வாரங்கள் தள்ளிப்போடலாம். பல காலம் இதைக் கிராமத்து நம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு கட்டுரை இதன் காரணத்தை விளக்கியது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் ஜூன் மாதத்திலேயே வானின் உயரத்தில் மெல்லிய மேகப்படலம் கூடிவிடுகிறது. கண்ணுக்கு மேகமாகத் தெரியாது, ஆனால் விண்மீனை மங்கச் செய்யும். எல் நினோ ஆண்டில் இந்த மலைகளில் மழை குறைவு, கிழங்கும் குறைவு. நான்கைந்து மாதம் முன்பே கிடைக்கும் ஒரு குறிப்பு அது.

காலால் உழுவது

இந்தச் சரிவுகளில் மாட்டு ஏர் நிற்காது, டிராக்டர் பேச்சே இல்லை. சக்கிதக்ல்யா என்ற கால் ஏர்தான் கருவி. ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு வளைந்த கழி, அடியில் இரும்பு நாக்கு, காலை வைத்து அழுத்த ஒரு குறுக்குக்கட்டை, கையால் பிடிக்க ஒரு கொம்பு, எல்லாம் தோல்வாரால் இறுக்கிக் கட்டியது. இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் குத்தி, கழியைப் பின்னால் சாய்த்து நெம்புவார்கள். பெயர்ந்து வரும் புல்கட்டியை எதிரே குனிந்திருக்கும் ஒரு பெண்ணோ சிறுவரோ கையால் புரட்டிக் கவிழ்ப்பார். மூன்று பேருக்கும் தாளம் ஒத்துவர வேண்டும். ஒருவர் தடுமாறினால் மற்ற இருவர் வேலையும் கெடும்.

உழவு நடப்பது ஊன்றுவதற்கு வெகு முன்பே, மழை முடியும் தறுவாயில், பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள். காய்ந்தபின் அந்தப் புல்தரையில் நாக்கு இறங்காது என்பது ஒரு காரணம். கவிழ்த்த புல் மட்க ஐந்தாறு மாதம் வேண்டும் என்பது இன்னொன்று. குளிர் மண்ணில் எதுவும் சீக்கிரம் மட்காது. தரையை முழுக்கப் பொடியாக்குவதும் இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் புரட்டிய கட்டிகள் நடுவில் சாய்ந்து பாராக நிற்கும், அந்தப் பாரின் அடியில் உழாத தரை அப்படியே இருக்கும். அந்தச் சரிவில் மழை மண்ணை வாரிக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் இடமாக இருந்தால் பார்களைச் சரிவின் போக்கிலேயே கொஞ்சம் சாய்வாக இழுத்துவிடுவார்கள். மண் அரிப்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அது தவறாகப் படும். கிழங்கு அழுகுவதைப் பார்த்தவர்களுக்குப் படாது.

எரு ஆட்டுப்பட்டியிலிருந்தும் யாமாப் பட்டியிலிருந்தும் வருகிறது. சில இடங்களில் பட்டியையே வயலில் கொண்டுபோய்க் கிடை போடுவார்கள். ஆள் வேலைக்கு அய்னி: இன்று நீ என் வயலுக்கு வந்தால் நாளை நான் உன் வயலுக்கு வருவேன். கூலி இல்லை, கணக்கு உண்டு. சாப்பாடும் சிச்சா மதுவும் வயல்காரர் பொறுப்பு.

லாய்மி

இனி இந்த ஏற்பாட்டின் நடுத்தண்டுக்கு வருவோம். மேல் நிலம் முழுவதையும் ஊர் ஏழு, எட்டு, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட பெரும் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கூஸ்கோ பக்கம் இதற்கு லாய்மி என்று பெயர். தித்திகாக்காவை ஒட்டி அய்மாரா மொழி பேசும் ஊர்களில் அய்னோக்கா என்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துண்டு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஊர்க்கூட்டம் ஒரு பகுதியைக் கிழங்குக்குத் திறக்கும். ஊரில் எல்லாரும் அந்த ஆண்டு அங்கேதான் உருளைக்கிழங்கு வைப்பார்கள். அடுத்த ஆண்டு அதே பகுதியில் ஓக்கா, உல்யுக்கோ, மாஷுவா ஆகிய வேறு கிழங்குகள். மூன்றாம் ஆண்டு பார்லி அல்லது அவரை அல்லது தார்வி என்ற பயறு. அதற்குப் பிறகு பூட்டு. நான்கு, ஐந்து, ஏழு ஆண்டுகள் தரிசு. உயரம் கூடக் கூடத் தரிசுக் காலமும் நீளும்.

இதை வெறும் மண்வளத்துக்கான ஓய்வு என்று எடுத்துக்கொண்டால் விஷயத்தின் கால்பங்குதான் கையில் வரும். தரிசு ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. அந்த வேலைகளில் ஒன்றை மட்டும் வேறு எதாலோ ஈடுசெய்துவிட்டு மற்றவையும் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்ததில்தான் பின்னாளில் வந்த சிக்கல் தொடங்குகிறது.

மண்ணில் இருக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை முதலில் பார்க்கலாம். உருளைக்கிழங்குக்கு உலகெங்கும் பெரும் தலைவலியான இந்தப் புழுவின் பிறப்பிடமும் ஆண்டிஸ்தான். பெண் புழு செத்ததும் அதன் உடலே கடினமான கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளோடு மண்ணில் கிடக்கும். கிழங்குச் செடியின் வேர் பக்கத்தில் வந்தால்தான் அவற்றில் பெரும்பாலானவை பொரிக்கும். வேர் வராத ஆண்டுகளில் ஒரு பகுதி தானே பொரித்து உணவின்றிச் சாகும், ஒரு பகுதி கெட்டுப்போகும். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை இறங்கும், ஆனால் மெதுவாக. இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் அது போதுமான அளவு இறங்காது. ஏழெட்டு ஆண்டில் பயிர் தாங்கும் அளவுக்கு வந்துவிடும். முழுக்க ஒழிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடுகள் இருபது ஆண்டுகூட உயிர்த்திருக்கும்.

கூன்வண்டின் கதை இன்னும் சுவையானது. ஆண்டிஸ் கூன்வண்டுக்கு இறக்கை உதவாது, பறக்காது, நடக்கும். பகலில் மண்கட்டிக்கு அடியில் ஒளிந்திருந்து இரவில் இலை ஓரத்தைப் பிறை பிறையாகக் கடிக்கும். அந்தக் கடியால் பயிருக்குப் பெரிய நட்டமில்லை. செடியின் அடியில் கிடக்கும் காய்ந்த தண்டுகளில் அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கைக் குடைகிறது. வெளியே பார்த்தால் நல்ல கிழங்கு, வெட்டினால் உள்ளே முழுக்கச் சுரங்கம். அறுவடை நேரத்தில் புழு கிழங்கைவிட்டு வெளியேறி, அந்த வயல் மண்ணிலும், கிழங்கைக் குவித்து வைத்த இடத்து மண்ணிலும், வீட்டுக் கிடங்கின் தரையிலும் புகுந்து கூட்டுப்புழுவாகும். அடுத்த மழை தொடங்கியதும் வண்டாக மேலே வந்து கிழங்குச் செடியைத் தேடி நடக்கத் தொடங்கும்.

இங்கேதான் ஊர் விதியின் அர்த்தம் தெரிகிறது. போன ஆண்டுக் கிழங்குப் பகுதி ஒரு மலைத்தோளில், இந்த ஆண்டுப் பகுதி ஓடையைத் தாண்டி இன்னொரு மலைத்தோளில் என்றால், நடந்துதான் போக வேண்டிய வண்டு எவ்வளவு போகும்? பெரும்பகுதி வழியிலேயே சாகும். ஆனால் யாரோ ஒருவர், எருவும் உரமும் இருக்கிறதே என்று போன ஆண்டுப் பகுதியின் ஓரத்திலேயே மறுபடி கிழங்கு வைத்தால், வண்டுகள் அந்தத் துண்டில் பிழைத்துப் பெருகும். அவருக்கு வந்த நட்டத்தோடு அது நிற்பதில்லை. அடுத்த ஆண்டு அந்தத் துண்டிலிருந்து கிளம்பும் வண்டுகள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் வயல்களுக்கும் போகும். ஒரு குடும்பம் தன் துண்டில் எவ்வளவுதான் ஒழுங்காக மாற்றுப்பயிர் செய்தாலும் பயனில்லை. பக்கத்துத் துண்டுக்காரரும் அதே ஒழுங்கில் இருந்தால்தான் பலன்.

தரிசின் மற்ற வேலைகள் எளிதில் புரிபவை. பூட்டிய பகுதிகளில் கால்நடை மேயும், எரு விழும். கிழங்குப் பகுதி ஒரே இடத்தில் இருப்பதால் விலங்கு புகாமல் காவல் காக்க ஒன்றிரண்டு பேர் போதும். அராரிவா என்று ஊர் அமர்த்தும் வயல்காவலர் அந்தப் பகுதியின் உச்சியில் குடிசை போட்டுத் தங்குவார். ஆடு மாடு விரட்டுவதோடு ஆலங்கட்டியை விரட்டும் சடங்குகளும் அவர் தலையில்தான். ஆலங்கட்டி விழுந்தால் ஊர் அவரைத்தான் கேட்கும். பொறாமைப்பட முடியாத உத்தியோகம்.

ஆலங்கட்டி விஷயத்தில் லாய்மிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஊர்க்கிழங்கு முழுவதும் ஒரே மலைத்தோளில் நின்றால் ஒரே மழையில் மொத்தமும் போகலாம். பூச்சிக்கு எதிரான அதே ஒன்றுசேர்ப்பு வானிலைக்கு எதிரில் ஆபத்தாகிறது. இந்த முரண்பாட்டைக் குடும்பங்கள் வேறு உயரங்களில் வைத்திருக்கும் துண்டுகளாலும் முதல் பட்டச் சாகுபடியாலும் சமாளிக்கின்றன. திறந்த பகுதிக்குள்ளேயேகூட ஒரு குடும்பத்தின் துண்டுகள் சேர்ந்தாற்போல் இருப்பதில்லை; ஓடைக்குப் பக்கத்தில் ஒன்று, முகட்டில் ஒன்று. உறைபனி குளிர்காற்றாக வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும், முகடு தப்பும். வறண்ட ஆண்டில் முகடு காயும், பள்ளம் விளையும். துண்டுக்குத் துண்டு நடப்பதில் போகும் நேரம் உண்மையான செலவுதான். அதைத் தெரிந்தே கொடுக்கிறார்கள்.

கலந்து ஊன்றுவது

குடும்ப விவசாயத்தில் குடும்பத்தின் கையில் இருக்கும் பாதி இது. பெரும்பாலும் பெண்களின் கையில். அறுவடை முடிந்ததும் கிழங்கைப் பிரிப்பது அவர்கள். பெரியவை சமையலுக்கும் சந்தைக்கும், முட்டை அளவில் நல்ல முளைக்கண் உள்ளவை விதைக்கு, வெட்டுப்பட்டவையும் புழு கடித்தவையும் பொடிக்கிழங்கும் உலர்த்துவதற்கு. விதைக்கிழங்கை வெட்டி ஊன்றும் வழக்கம் இல்லை, முழுக்கிழங்கு.

ஒரே வயலில் இருபது முப்பது ரகங்கள் வரிசை வித்தியாசமில்லாமல் கலந்து நிற்பது சாதாரணம். இந்தக் கலப்பு வயலைச் சக்ரு என்பார்கள். சர்வதேச உருளைக்கிழங்கு மையம், 1971-இல் லிமாவில் தொடங்கியது, ஆண்டிஸ் நாட்டு ரகங்களில் 4,000-க்கும் மேற்பட்டவற்றைச் சேகரித்து வைத்திருக்கிறது. மருமகளின் கைத்திறனைச் சோதிக்க மாமியார் தோல் சீவக் கொடுப்பதாகச் சொல்லும் முடிச்சுக் கிழங்கும் அதில் ஒன்று. ஒவ்வொரு ரகத்துக்கும் உறைபனி தாங்கும் அளவு வேறு, முதிரும் காலம் வேறு, நோய் தாங்கும் குணம் வேறு. கெட்ட ஆண்டில் சில சாகும், சில பிழைக்கும். எது பிழைக்கும் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் எல்லாவற்றையும் ஊன்றுகிறார்கள்.

விதைக்கிழங்கு மேலிருந்து கீழே வரும், கீழிருந்து மேலே போகாது. உயரத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி குறைவு; அசுவினி குறைந்தால் அது பரப்பும் வைரஸ் நோய்கள் குறைவு. கீழ் வயலில் சில ஆண்டுகளில் விதை சோர்ந்துபோகும்போது மேல் ஊரில் பண்டமாற்றாகப் புதுவிதை வாங்குவார்கள். வைரஸ் என்ற ஒன்று இருப்பதாக உலகம் அறியும் முன்பே இருந்த வழக்கம். சேமிக்கும்போது இச்சு புல்லைப் பரப்பி, முன்யா என்ற வாசனைத் தழையை நடுநடுவே போட்டு அடுக்குவார்கள். அந்துப்பூச்சி அண்டாது, முளைப்பதும் தள்ளிப்போகும்.

சுன்யோ

உறைபனியை விரோதியாகவே வைத்திருந்தால் இந்த உயரத்தில் குடியிருக்க முடியாது. ஜூன், ஜூலையின் கடுங்குளிர் இரவுகளில் பொடிக்கிழங்கைத் தரையில் பரப்பி உறையவிடுகிறார்கள். பகல் வெயிலில் உருகும். சில இரவுகள் கழிந்ததும் காலால் மிதித்து நீரையும் தோலையும் பிரித்து, மறுபடி காயவைத்தால் கறுத்து, கல்லாக இறுகி, எடை போய்விடும். அதுதான் சுன்யோ. ஒரு கிலோ சுன்யோவுக்கு நான்கைந்து கிலோ பச்சைக்கிழங்கு போகும். வெள்ளையாக வேண்டுமென்றால் உறைந்த கிழங்கை வெயில் படாமல் எடுத்து ஓடும் நீரில் சில வாரம் ஊறவைத்துக் காயவைப்பார்கள். அதற்கு மொராயா என்று பெயர். நனையாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

இதைச் சமையல் விஷயமாக ஒதுக்க முடியாது, சாகுபடியின் எல்லையையே இது தீர்மானிக்கிறது. நாலாயிரம் மீட்டருக்கு மேலே சாதாரணக் கிழங்கு உறைபனியில் நிற்காது. அங்கே நிற்பவை கசப்புக் கிழங்குகள், தனி இனங்கள். அவற்றின் கசப்பு நஞ்சுப் பொருளால் வருவது. அப்படியே வேகவைத்துத் தின்ன முடியாது. உறையவைத்து, மிதித்து, நீரில் ஊறவைப்பதில் அந்த நஞ்சு வெளியேறிவிடுகிறது. ஆக, சுன்யோ செய்யத் தெரிந்ததால்தான் அந்த உயரம் விளைநிலமாயிற்று. புழு கடித்த கிழங்குக்கும் அதுவே போக்கிடம். தின்னவும் விற்கவும் ஆகாததை உணவாக மாற்றிப் பல ஆண்டுக்குச் சேமிக்கும் வழி இருந்தால், ஒரு மோசமான அறுவடை பஞ்சமாக மாறுவதற்கு இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது.

எங்கே இற்றது

மேல்நிலத்துக் கலப்பு வயலின் மகசூல், உரமும் மருந்தும் கொடுத்த சந்தை ரக வயலின் மகசூலோடு ஒப்பிட்டால் வெகு குறைவு. இதை மறைத்துப் பேசுவதில் நியாயமில்லை. யுங்காய், 1990-இல் வெளியான கன்ச்சான் போன்ற மேம்பட்ட ரகங்கள் நகரச் சந்தையில் எளிதாக விலை போகும். குடும்பங்களும் இதை இதுவா அதுவா என்று எடுத்துக்கொள்வதில்லை. கீழே சாலைக்குப் பக்கத்தில் கன்ச்சான், காசுக்கு. மேலே சக்ரு, வீட்டுக்கு. பிள்ளை படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பணம் வேண்டியிருக்கிற வீட்டில் இது சரியான கணக்குதான். பாரம்பரிய ரகத்தை மட்டுமே பயிரிடுங்கள் என்று தொலைவிலிருந்து சொல்பவர்கள் அந்தப் பணத்துக்கு வழி சொல்வதில்லை.

சிக்கல் வந்தது ரகத்தின் வழியாக அல்ல, உரத்தின் வழியாக. செயற்கை உரம் கிடைத்ததும் தரிசு வீண் என்று தோன்றியது. மண்ணுக்குச் சத்துதானே வேண்டும், மூட்டையில் வருகிறதே, எதற்கு ஏழு ஆண்டு சும்மா போட வேண்டும்? ஆள்தொகை கூடிக் குடும்பத்துக்கு வரும் துண்டுகள் சிறுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் உறைத்தது. தரிசு நான்கு ஆண்டாகி, இரண்டாகி, சாலையோர நிலங்களில் அடியோடு போனது. உரம் தரிசின் ஒரு வேலையை நன்றாகவே செய்தது. நூற்புழுவைப் பட்டினி போடும் வேலையையும் கூன்வண்டை நடக்கவைத்துக் கொல்லும் வேலையையும் அது செய்யவில்லை. அந்த இடத்துக்குப் பூச்சிக்கொல்லி வந்தது, கடும் நஞ்சு வகைகள், முறையான கையுறையும் முகமூடியும் இல்லாமல்.

ஊர்ப் பிடியும் தளர்ந்தது. 1969 நிலச்சீர்திருத்தம் பண்ணையார்களிடமிருந்து நிலத்தை எடுத்தது. ஆனால் பல இடங்களில் அரசு வடிவமைத்த கூட்டுறவுகளிடம் கொடுத்தது, ஊர்க்கூட்டத்திடம் அல்ல. 1995 நிலச் சட்டம் ஊர்ப் பொதுநிலத்தைப் பிரித்துக்கொள்ளவும் விற்கவும் வழியை எளிதாக்கியது. தன் துண்டு தன் இஷ்டம் என்றானபின் எந்தப் பகுதியைத் திறப்பது என்று கூட்டம் சொல்வதற்கு எடை இல்லை. இளையவர்கள் நகரத்துக்கும் சுரங்கத்துக்கும் போனபின் அய்னிக்கு ஆளில்லை. மூன்று பேர் சேர்ந்து போட வேண்டிய உழவை ஒருவர் போட முடியாது.

தித்திகாக்கா கரையில் இதே பாடம் வேறு வடிவில் நடந்தது. தொல்லியலாளர்கள் 1980-களில் அங்கே வாரு வாரு என்ற பழைய மேட்டுப்பாத்தி வயல்களை மீட்டெடுத்தார்கள். பாத்திகளுக்கு இடையே நிற்கும் நீர் பகல் வெப்பத்தை வைத்திருந்து இரவு உறைபனியைத் தணிக்கும். சோதனை வயல்களில் நல்ல விளைச்சல். ஆனால் வெளி உதவி நின்றதும் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வயலை மீட்டதுபோல் வாய்க்காலைத் தூர்வார ஆள் சேர்க்கும் ஏற்பாட்டை மீட்பது எளிதாக இல்லை.

இதற்கு மேல் வெப்பம். பின்பருவ இலைக்கருகல் நோய் ஈரமும் மிதமான சூடும் சேர்ந்த இடத்தில்தான் பாயும். மேல்நிலத்தின் குளிரே அதற்கு வேலியாக இருந்தது. அந்த வேலி மேலே நகர்கிறது. கூன்வண்டும் ஏறுகிறது. குடும்பங்கள் நாட்டுரகங்களை இன்னும் மேலே கொண்டுபோகின்றன, யாமாவின் உறவான அல்பாக்கா மேய்க்கும் புல்வெளிக்குள். அங்கே மேய்ப்பர்களோடு தகராறு. அதற்கும் மேலே போனால் பாறையும் பனியும்.

பிசாக்

கூஸ்கோ பகுதியில் பிசாக் என்ற ஊருக்கு அருகே கெச்சுவா ஊர்கள் சேர்ந்து நடத்தும் ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் இடம். 9,000 ஹெக்டேருக்கு மேல் நிலம், ஊர்களே நடத்தும் பொது நிர்வாகம். 2004-இல் லிமா மையத்தோடு ஒப்பந்தம் செய்து, முன்பு இந்த மலைகளிலிருந்து சேகரித்துச் சென்ற ரகங்களில் நானூறுக்கும் மேற்பட்டவற்றை வைரஸ் நீக்கித் திரும்பப் பெற்றார்கள். சேகரித்தவரிடமிருந்து விதை ஊருக்குத் திரும்புவது அன்று அரிய விஷயம். 2015-இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்துக்கும் விதை அனுப்பினார்கள்.

அந்தப் பெட்டகத்தைப் பற்றி ஒரு விவரம். அங்கே போவது உருளைக்கிழங்கின் காயிலிருந்து எடுத்த உண்மையான விதை. அதை முளைக்கவைத்தால் தாய்ச்செடியின் அதே ரகம் வராது. ஒவ்வொரு விதையும் புது ஆளாக வரும். மரபுக்கூறுகள் பத்திரம், ரகம் பத்திரமில்லை. ரகத்தை ரகமாகவே வைத்திருக்கக் கிழங்காக ஆண்டுதோறும் ஊன்ற வேண்டும், அல்லது லிமாவில் செய்வதுபோல் சோதனைக்குழாயில் செடியாக வளர்க்க வேண்டும். வயலில் ஊன்றுவது என்றால் வயலில் புழு இருக்கக் கூடாது; அப்போது லாய்மி வேண்டும். பிசாக்கின் பலம் நானூறு ரகங்களில் இருப்பதாக எனக்குப் படவில்லை. எதை எங்கே எப்போது ஊன்றுவது என்று ஊர் கூடி முடிவெடுக்கும் பழக்கம் அங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. ரகங்களை வாங்கி நட்டு வைக்க அதனால்தான் முடிந்தது.

தரிசு குறுகிய மற்ற ஊர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு மலிவான வழியைச் சொல்லியிருக்கிறார்கள். கூன்வண்டு பறக்காது என்பதால் வயலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாளைக் குச்சி நட்டுக் கட்டி, அடி ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுவது. வழுக்கும் தாளில் வண்டு ஏற முடியாது. பெருவின் மலைவயல்களில் சோதித்துப் பார்த்ததில் மருந்து அடித்த வயலுக்குச் சமமாக, சில இடங்களில் அதைவிட மேலாகவே கிழங்கைக் காத்தது. ஒரு குடும்பம் தனியாகச் செய்துகொள்ளலாம், ஊரைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அந்தத் துண்டில் போன ஆண்டு உருளைக்கிழங்கு இருந்திருக்கக் கூடாது. இருந்திருந்தால் வண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கும், தாள் அதை வெளியே போகவிடாது.